சக்கரக் குழியில் கேட்ட பதில்

காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். முகம் மழித்தேன். குளித்தேன். இரண்டு முட்டை வேகவைத்தேன். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றைக் குப்பையில் போட்டேன். ஏழு மாதமாக இரண்டுதான் வேகவைக்கிறேன். கை பழகிவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டேன். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டேன். ஆறு இருபதுக்குக் கதவைப் பூட்டினேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று நான் தெளிவாக இருந்தேன். காய்ச்சல் இல்லை. குடிக்கும் பழக்கம் இல்லை. தூக்க மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேய்க் கதை என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு. கூரையில் நாற்பது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் வலது கை நம்புகிறது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மாமா அழைத்தார். என் மனைவியின் அப்பா. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. இன்றைக்குத்தானே கையெழுத்து என்று கேட்டார். ஆமாம், பன்னிரண்டு மணிக்கு என்றேன்.

“அவ கேக்காம ஒரு பாத்திரத்தக்கூட நகத்த மாட்டா, மாப்ளே. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அவ பேருல அதுதான் நிக்கும்.”

பஸ் வருகிறது, வைக்கிறேன் என்றேன். பஸ் வரவில்லை.

நான் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலை பார்க்கிறேன். பத்துப் பேர் உட்காரும் சின்ன விமானங்கள். அவற்றுக்குள் எண்ணெய் ஓடும் குழாய்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என் வேலை. அவள் வேலையும் அதுதான். அங்கேதான் அறிமுகம். நான் வளைத்த குழாய் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது நாய் வால், இனி யாராலும் நிமிர்த்த முடியாது என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பதினோரு மாதம் கழித்துக் கல்யாணம். அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு விமானத்தின் வயிற்றில், சக்கரம் மடங்கி மேலே போகும் சக்கரக் குழிக்குள் நின்று ஒரு நட்டைத் தளர்த்தினாள். உள்ளே சதுர அங்குலத்துக்கு மூவாயிரம் பவுண்டு அழுத்தம் இருந்தது. கார் டயரில் முப்பதுதான் இருக்கும். ரப்பர்க் குழாயின், அதாவது ஹோஸின், இரும்பு முனை பிய்த்துக்கொண்டு வந்து அவள் தொண்டையில் அடித்தது. தொண்டை என்று சொல்ல அங்கே பிறகு எதுவும் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நட்டில் ஸ்பேனர் வைக்கும் முன், காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் குரல் கொடுத்துக் கேட்க வேண்டும். இறக்கியாச்சா? அழுத்தம் இறங்கிவிட்டதா என்று அர்த்தம். ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் கை வைக்கலாம். அவள் இறந்த அன்று காக்பிட்டில் உட்கார்ந்திருந்தது நான்.

விசாரணை அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘பணியாளர் காக்பிட்டில் கேட்டு உறுதி செய்யாமல் இணைப்பைத் தளர்த்தினார்.’ அதற்கு ஆதாரம் என் வாக்குமூலம். நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. ‘அவர் எதுவும் கேட்கவில்லை.’ மாமா அழைத்த அன்று பன்னிரண்டு மணிக்கு அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கோப்பு மூடப்படும். தப்பு அவளுடையது என்று ஆகிவிடும். எப்போதைக்கும்.

ஏழு மணிக்கு ஹேங்கருக்குள் நுழைந்தேன். சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் இறந்த விமானத்துக்கு விசாரணைக்காக வைத்திருந்த முத்திரையை எடுத்துவிட்டார்களாம். சக்கரக் குழியில் புது ஹோஸ் போட்டு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்கள் யாரும் அதற்குள் போக மாட்டேன் என்கிறார்களாம். நான் போகிறேன் என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஏழு மாதமும் எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

எனக்குத் துணையாக மேலே காக்பிட்டில் உட்கார வக்கீல் வந்தான். அவன் வக்கீல் இல்லை, என்னைப் போல மெக்கானிக். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட ஆதாரம் கேட்பான். அதனால் அந்தப் பெயர்.

“நீ மேல உக்காருடா. குழிக்குள்ள நான் போறேன்.”

வேண்டாம் என்றேன். அவன் வாதாடவில்லை. அன்றைக்கு நடந்த முதல் அதிசயம் அதுதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பம்பை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விடும் என்று வெளியாள் நினைப்பார். போகாது. குழாயோடு சேர்த்து ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அழுத்தத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். நாங்கள் அதை உண்டியல் என்போம். போட்டதை லேசில் விடாது. காக்பிட்டில் இருப்பவர் பிரேக் பெடலை எட்டு முறை அழுத்தி மிதித்தால்தான் அது காலியாகும்.

நான் குழிக்குள் போன அன்று அந்த விமானத்தில் உண்டியலே இல்லை. கழற்றிப் பட்டறை மேசையில் வைத்திருந்தார்கள். எண்ணெயை முந்தின நாளே வடித்தாகிவிட்டது. பம்ப் வண்டி ஹேங்கரின் மறுகோடியில், பிளக் கூடச் சொருகாமல் நின்றது. ஓர் எறும்பைத் தள்ளும் அளவுக்குக்கூட அதில் அழுத்தம் இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

8.25. ஸ்டோரில் ஹோஸ் எடுத்தேன். எந்த எண்ணெய் ஓடப்போகிறதோ அதற்கேற்ற ரப்பர். அழுத்தத்துக்கேற்ற கம்பிப் பின்னல். விட்டம். நீளம். நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. அழுத்தம் ஏறினால் ஹோஸ் சுருங்கும், கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் மாட்ட வேண்டும். நட்டிலும் கண் வேண்டும். கார் கடையில் கிடைப்பதும் இதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வாய்ச் சரிவு வேறு. மாற்றிப் போட்டால் இறுகியது போல நடிக்கும். ஸ்டோர் அக்கா பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தார். இரு முனையிலும் மூடி இருந்தது.

“இன்னைக்கேவா தம்பி? அந்தக் கையெழுத்து வேலைய முடிச்சிட்டு நாளைக்குப் போடலாம்ல?”

பரவாயில்லை அக்கா என்றேன். உறையைப் பிரித்து மூடியைக் கழற்றினேன். புது ஹோஸ். உள்ளே எண்ணெயே பட்டதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக, உலர்ந்து இருந்தது.

சூடான எண்ணெய் வாடை வந்தது.

9.05. ஹோஸை மாட்டினேன். ஹோஸின் நீளம் முழுக்க ஒரு வெள்ளைக் கோடு அச்சிட்டிருக்கும். கோடு நேராக இருந்தால் ஹோஸ் முறுக்கவில்லை என்று அர்த்தம். முறுக்கோடு மாட்டிவிட்டால், அழுத்தம் ஏறும்போது அது தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். கூடவே நட்டையும் அவிழ்த்துவிடும். நான் கோட்டை நேராக வைத்து, ஒரு ஸ்பேனரால் பிடித்து, இன்னொன்றால் இறுக்கினேன். சொன்ன அளவுக்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை. நட்டிலிருந்து அது உட்காரும் ஃபிட்டிங் வரை குறுக்கே ஆரஞ்சுப் பெயின்டால் ஒரு கீறல் போட்டேன். நட் அசைந்தால் கீறல் உடையும். அதற்குத்தான்.

9.31. ஹோஸைச் சுவரோடு பிடித்து வைக்கும் பட்டை எடுக்கப் போனேன். 9.38. திரும்பி வந்தேன்.

வெள்ளைக் கோடு கால் சுற்று முறுக்கியிருந்தது.

என் தவறு என்றுதான் நினைத்தேன். தளர்த்தி மறுபடி போட வேண்டும். வறண்ட குழாய்தான், ஆனாலும் விதி விதிதான். மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“இறக்கியாச்சா?”

“ஏறவே இல்ல, எதடா இறக்குறது?” என்றான் வக்கீல்.

சரிசெய்தேன். இறுக்கினேன். புதுக் கீறல் போட்டேன்.

10.10. கோடு அரைச் சுற்று முறுக்கியிருந்தது. பெயின்ட் கீறல் உடையவில்லை. நட் இம்மிகூட அசையவில்லை. நட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் பக்கத்தில் இருப்பது போன்ற சூடு.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. ரூல் வைத்துப் போட்டது போல. அவர் ஹோஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். போய் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். கையெழுத்து வாங்க மணி பன்னிரண்டுக்கு விசாரணை அதிகாரி வந்துவிடுவார் என்று நினைவூட்டினார். வந்த காரியம் முடிந்தது போல நடந்து போனார்.

முகம் கழுவினேன். கண்ணாடியில் நான்தான் இருந்தேன்.

10.44. ஸ்டூலில் ஏறிக் குழிக்குள் மறுபடி நின்றேன். மற்ற விமானங்களில் டிரில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். எங்கோ ஸ்பேனர் விழுந்தது. பிறகு அந்தச் சத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போயிற்று. காதில் தண்ணீர் போனால் அடைக்குமே, அப்படி.

வெள்ளைக் கோடு இப்போது முழுச் சுற்று. பிழிந்த துணி போல.

கீறல் உடையவில்லை.

ஹோஸ் அசைந்தது.

புடைத்தது... தணிந்தது. புடைத்தது... தணிந்தது. மணிக்கட்டில் நாடி பார்ப்பது போல விரலை வைத்தேன். நிமிடத்துக்கு எழுபது இருக்கும்.

ஓடிவிடத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முறுக்கிய ஹோஸை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்றுதான் தோன்றியது. பழக்கம். வேறொன்றும் இல்லை.

10.51. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இரண்டு ஸ்பேனரையும் நட்டில் மாட்டினேன். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துக் கேட்டேன்.

“இறக்கியாச்சா?”

டார்ச்சை மறுபடி கடித்துக்கொண்டேன். காத்திருந்தேன்.

“இறக்கிட்டேன்.”

மேலிருந்து வந்தது. ஆண் குரல். பழகிய குரல்தான். ஆனால் வக்கீல் இப்படி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னதே கிடையாது. டார்ச்சை எடுத்தேன். இன்னொரு முறை கேட்டேன். நிஜமாகவே இறக்கியாச்சா என்று.

டார்ச்சைக் கடித்தேன்.

“இறக்கிட்டேன்னு சொன்னேன்ல.”

எரிச்சலோடு வந்தது. வேறெதையோ பார்த்துக்கொண்டே சொல்வது போல.

நட்டைத் திருப்பினேன்.

கால் சுற்று...

அரைச் சுற்று...

வெடித்தது.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெளிச்சம்தான் முதலில் போயிற்று. ஹோஸின் முனை டார்ச்சில் அடித்து, டார்ச் என் வாய்க்குள் உடைந்தது. பற்கள் நாக்கின் மேல் கொட்டின. சோழி கொட்டியது போல.

கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தேன். உள்ளங்கையில் ஊசி குத்தியது போல இருந்தது. அவ்வளவுதான். பிறகு தோள்பட்டை வரை தீப்பிடித்தது.

சிவப்பு எண்ணெய். முகமெல்லாம். விமான எண்ணெய் சிவப்புத்தான். ஆனால் அந்தக் குழாயில்தான் எண்ணெயே இல்லையே...

அழுத்தம் என்பது ஒரே மூச்சு. வெளியே வந்தால் தீர்ந்தது. அரை நொடியில் ஹோஸ் செத்த பாம்பாகத் தொங்க வேண்டும்.

தொங்கவில்லை.

அடித்தது.

திரும்பி வந்து அடித்தது. தாடையில். காதில். விலா எலும்பில். ஒவ்வோர் அடிக்கும் முன் பின்னுக்குப் போய், கை ஓங்குவது போல நின்று, அடித்தது.

ஸ்டூல் சரிந்தது. நான் விழவில்லை. விழ விடவில்லை. ஹோஸ் கழுத்தைச் சுற்றியிருந்தது. ஒரு முனை குழியின் சுவரில். மறுமுனை என் கழுத்தில். இறுகியது.

மேலே இழுத்தது.

குழிக்குள்.

கால் தரையை விட்டுவிட்டது.

என் காலை யாரோ பிடித்தார்கள். வக்கீல். பெயர் சொல்லிக் கத்தினான். ஹோஸ் என் கழுத்தை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது. ஒரே அடி. விறகு முறிவது போல ஒரு சத்தம். அவன் முன்கை எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வெள்ளையாக.

பிறகு ஹோஸ் தொங்கியது.

அவ்வளவுதான். சும்மா தொங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சொட்டவில்லை.

வெள்ளைக் கோடு நேராக இருந்தது.

மருத்துவமனையில் உள்ளங்கையைப் பார்த்த டாக்டருக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. கடுகளவு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. பிறகு அறுத்தார்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. சதைக்கும் எலும்புக்கும் நடுவே எண்ணெய் போயிருந்தது. அந்த வேகத்தில் எண்ணெய் கத்தியைவிட மோசம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பியால் கட்டினார்கள். கிண்ணத்தில் வடித்த எண்ணெயைப் பார்த்துவிட்டு டாக்டர், எத்தனை பவுண்டு அழுத்தம் என்று கேட்டார். சூப்பர்வைசர் பூஜ்யம் என்றார். டாக்டர் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் வக்கீல் மாவுக்கட்டோடு என் வார்டுக்கு வந்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கேட்காமல் எதற்கு நட்டில் கை வைத்தாய் என்றான். நான் இடது கையால் தாளில் எழுதினேன். ‘கேட்டேன். இறக்கிட்டேன்னு சொன்னியே.’

“நான் மேல இல்லடா. பத்தே முக்காலுக்கே ஸ்டோருக்குப் போயிட்டேன். அக்காகிட்ட கேளு. உன் சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்.”

எதற்கும் ஆதாரம் கேட்பவன், அன்று என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

நான்காம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். பன்னிரண்டு மணிக் கையெழுத்துக்காக அன்று வந்தவர். நடுத்தர வயது அம்மா. அதிகம் பேசாதவர். என் மனைவி இறந்த பிறகு எல்லா விமானத்தின் கீழும் முன்னும் கேமரா வைத்திருந்தார்கள். குரலும் பதிவாகும். அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்து, ஓடவிட்டார்.

திரையில் நான். நேரம் 10.51. டார்ச்சை வாயிலிருந்து எடுக்கிறேன். கேட்கிறேன். மறுபடி கடித்துக்கொள்கிறேன். திரையின் மறுபாதியில் காக்பிட் ஏணி தெரிகிறது. ஏணியில் யாரும் இல்லை. கதவு திறந்திருக்கிறது. இருக்கையும் தெரிகிறது. காலி.

“இறக்கிட்டேன்.”

குரல் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

அது என் குரல்.

திரையில் என் வாய் அசையவில்லை. பற்களுக்கு நடுவே டார்ச் இருக்கிறது. அவர் நிறுத்திவிட்டு, மறுபடி ஓடவிட்டார். இரண்டாவது முறை கேட்கிறேன். கடித்துக்கொள்கிறேன்.

“இறக்கிட்டேன்னு சொன்னேன்ல.”

அதுவும் என் குரல். அந்த எரிச்சலும் என்னுடையது. எனக்குத் தெரியும். ஏழு மாதத்துக்கு முன் நான் சொன்னபோது அப்படித்தான் சொன்னேன்.

அதிகாரி கணினியை மூடினார். இது யாருடைய குரல் என்று கேட்கவில்லை. அறிக்கையை என் கட்டிலில் வைத்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. பேனாவையும் வைத்தார். உங்கள் மனைவி அன்று உண்மையில் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார்.

மாமாவிடம் சூப்பர்வைசர் ஆறுதலுக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தார். கடைசியில் அவள் ‘அப்பா’ என்று கூப்பிட்டாளாம். அப்படியெல்லாம் இல்லை. கூப்பிட அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

அறிக்கையைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இடது கையால் எழுதினேன். எழுத்துக் கோணலாக வந்தது. அவள் கேட்டாள். நான் காக்பிட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பை நிறுத்தியிருந்தேன். பெடலை எட்டு முறை மிதிக்கச் சோம்பலாக இருந்தது. இறக்கிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லையோ, சரியாகக் கேட்கவில்லையோ, மறுபடியும் கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். அதற்கு அவள் கீழேயிருந்து சொன்னாள்:

“ரெண்டு தடவ கேட்டுட்டேன்னு கோவிச்சுக்காத. தலைய உள்ள விடப்போறேன்ல, அதான்.”